சேற்றைப் படிக்கப் போகிற பேத்திக்கு

கண்ணு, கடலடிச் சேற்றில் மகரந்தம் தேடுகிற வேலையில் நீ சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். "சித்தப்பா, அவளுக்கு ரெண்டு வார்த்தை எழுதுங்களேன்" என்றும் கேட்டுக்கொண்டான். ரெண்டு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வந்து போகிற உறவுக்காரர்கள், "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று என்னைக் கேட்பார்கள். "சேத்துல கிடக்கிற பூந்தூளைப் பார்த்து, பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மழை எப்படி இருந்துச்சுன்னு சொல்ற வேலை" என்பேன். ஒருவர் சட்டென்று உள்ளங்கையை நீட்டிவிட்டார். நம் தொழிலைப் பற்றி ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

செய்முறை கற்றுத்தர உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த இடங்களையும், விழாமல் பிடித்துக்கொண்ட இடங்களையும் நான் எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

1. எதற்காகக் கடலுக்குப் போகிறோம் என்பதை முதலில் புரிந்துகொள். மகரந்தத்தின் மேலோடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. ஆசிட்டில் போட்டுச் சூடாக்கினாலும் நிற்கும். ஆனால் காற்று பட்டால் அரித்துப்போகும். நம் வயல் மண் தண்ணீர் வந்தால் நனைகிறது, அறுவடை முடிந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது, மறுபடி நனைகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் காற்று உள்ளே இறங்கி மகரந்தத்தைச் சிதைக்கிறது. டெல்டாவின் பழங்கதை டெல்டா வயலில் கிடைக்காமல் போவது அதனால்தான். காவிரி குடகிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் சுமந்து வந்ததைக் கடலில் இறக்குகிறது. அங்கே நுண்வண்டல் படிந்து மூடிக்கொண்டால் காற்று புகாது. மகரந்தம் பிழைத்துக் கிடக்கும். மகரந்தம் நுண்வண்டலோடு மிதந்து, நுண்வண்டலோடுதான் படியும். மணல் அடுக்கில் உட்கார்ந்து தேடி நாளைக் கழிக்காதே. 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி தரங்கம்பாடிக் கரையில் விரித்துவிட்டுப் போன மணலும் அந்தக் கணக்குதான். சேற்றுக்கு நடுவே அப்படி ஒரு மணல் பட்டை தென்பட்டால் அதைத் தனியாகக் குறித்து வை. அது வேறொரு கதை.

2. கப்பலில் தூக்கத்தை நம்பாதே. கனம் கட்டிய குழாயைக் கடலடியில் இறக்கி, அது குத்திக்கொண்டு வருகிற சேற்றுத்தூணைத்தான் கோர் என்கிறோம். சாகர் கன்யா மாதிரியான ஆய்வுக் கப்பலில் அது எத்தனை மணிக்கு மேலே வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் நடுராத்திரி. எல்லோருக்கும் கண் சொருகும். குழாயில் எது மேல், எது கீழ் என்று அம்புக்குறி போடாமல் யாரும் கை கழுவக் கூடாது என்று எங்கள் மூத்தவர் ஒருவர் சட்டமே வைத்திருந்தார். குழாய் தலைகீழாகிவிட்டால் பனியுகம் நேற்றைக்கு வந்துவிடும். இன்னொன்று: கனமான குழாய் இறங்குகிற வேகத்தில் மேலாகக் கிடக்கிற சேறு கலைந்துபோகும். கடைசி நூறு இருநூறு வருஷத்துக் கதை வேண்டுமென்றால், மெதுவாக இறங்கி மேற்சேற்றைக் கலைக்காமல் அள்ளுகிற பெட்டிக் கோரைத் தனியாக எடுக்கச் சொல். வெட்கப்படாமல் கேள், புதுசாக வந்த பெண் என்ன கேட்பது என்று நினைக்காதே.

3. ஆசிட்டுக்குப் பயப்படு. சேற்றிலிருக்கிற சுண்ணாம்பைக் கரைக்க ஒரு ஆசிட், மணலையும் களிமண்ணையும் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். இந்த இரண்டாவது கண்ணாடியையே தின்னும். பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வைக்க முடியும். கையில் பட்டால் முதலில் அவ்வளவாக வலிக்காது. அதுதான் அதன் கெட்ட குணம். வலி தெரிகிற நேரத்தில் எலும்புவரை போயிருக்கும். பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கிறதா, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திற. அப்புறம் எர்ட்மன் என்ற ஸ்வீடன்காரர் வகுத்துக் கொடுத்த முறை: அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, சல்ஃபியூரிக் ஆசிட் ஒரு பங்கு. அதற்கு முன் ஈரத்தை அசிட்டிக் ஆசிட்டால் கழுவி எடுத்தாயா என்று இரண்டு தரம் பார். குழாயில் தண்ணீர் தங்கியிருந்தால் பொங்கி முகத்துக்கு வரும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த ஒரு அண்ணன், டாக்டர் பட்டம் வாங்கினவராக இருந்தாலும் கையுறை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார். "பயப்படுறவன்தான் சார் இந்த வேலையில பென்ஷன் வாங்குவான்" என்பார். அவர் முழுசாக ரிட்டயர்டு ஆனார்.

4. பங்குனி, சித்திரையில் ஜன்னலைச் சாத்து. வாசலில் வேம்பு பூத்திருந்தால் மணமாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாயிரம் வருஷத்துச் சேற்றில் நேற்றுப் பூத்த வேப்பம்பூவின் மகரந்தம் கிடைத்தால் யாருக்கும் நல்லதில்லை. சாயம் ஏற்றிப் பார்க்கும்போது புதுசும் பழசும் வேறு வேறு நிறம் பிடிக்கும். அதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள். ஒவ்வொரு தொகுதியோடும் சேறே போடாத வெறும் குழாய் ஒன்றையும் அதே ஆசிட், அதே சல்லடை வழியாகக் கொண்டுபோ. அதில் ஏதாவது தென்பட்டால், தப்பு உன் கூடத்தில்.

5. செடியைச் செடியாகத் தெரிந்துகொள். புத்தகத்துப் படம் பார்த்து மகரந்தம் எண்ணுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மரம் பக்கத்தில் நின்றால் அடையாளம் தெரியாது. தரங்கம்பாடி நமக்குப் பக்கத்து ஊர். 1768-இல் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக அங்கே வந்து இறங்கிய கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். வைத்தியம் பார்த்த நேரம் போக இந்தக் கரையெல்லாம் நடந்து செடி சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவருக்குப் பின்னால் வந்த ராட்லர் செடியும் சேகரித்தார், தமிழ் அகராதியும் தொகுத்தார். சேறும் சகதியுமான இந்தக் கரையில் அவர்கள் நடந்த அளவாவது நீ நட.

நடக்கும்போது ஊர்க்காரர்களைக் கேள். களையெடுக்கிற அக்காவுக்குக் கோரையில் எத்தனை வகை என்று தெரியும். உன் நுண்ணோக்கி அத்தனையையும் 'கோரைக் குடும்பம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். பிச்சாவரத்தில் ஒரு மாணவன் தில்லை மரத்துப் பூவைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். படகுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது பொம்பளை மரம்." தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தம் ஆண் மரத்துக் கதிரில்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு படகுக்காரர் பாடம் எடுத்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

6. இதுதான் உனக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி, கண்ணு. சேற்றில் இருப்பதெல்லாம் வந்து சேர்ந்தது. ஊரில் இருந்ததெல்லாம் வந்து சேர்ந்திருக்காது.

பிச்சாவரத்தில் படகில் போனால் வாய்க்காலின் இரண்டு பக்கமும் விழுது ஊன்றி நிற்கிற சுரபுன்னைதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இறங்கி நடந்தால் காடு வேறு மாதிரி. வெண்கண்டல்தான் அதிகம், சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும். சுற்றுலா வந்தவர் ஊருக்குப் போய், பிச்சாவரம் முழுக்கச் சுரபுன்னை என்று சொல்வார். நுண்ணோக்கியும் அதையேதான் சொல்லும். சுரபுன்னை காற்றை நம்பி ஏராளமாக மகரந்தம் கொட்டுகிற மரம். அதுவும் தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிறது. வெண்கண்டல் பூச்சியை நம்புகிறது. அளவாகத்தான் செய்யும், செய்ததும் சேற்றுக்கு அதிகம் வராது. 1973-இல் கராத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி என்ற ஆய்வாளர்கள் மூவரும் பிச்சாவரத்தில் மேலே நிற்கிற காட்டையும் கீழே கிடக்கிற மகரந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினார்கள். பழைய சேற்றைப் படிப்பதற்கு முன்னால் இன்றைய சேற்றைப் படித்தவர்கள் அவர்கள். நீயும் அந்த வரிசையிலேயே போ. கண்ணெதிரே நிற்கிற காட்டைச் சேறு எப்படித் திரித்துச் சொல்கிறது என்று தெரிந்தால்தான், கண்ணில் படாத காட்டைப் பற்றி அது சொல்வதை எடைபோட முடியும்.

தலைகீழாகவும் நடக்கும். வங்காள விரிகுடாச் சேற்றில் பைன் மகரந்தம் கிடைக்கும். அதற்கு இரண்டு பக்கமும் காற்றுப் பைகள். இமயமலைப் பக்கத்திலிருந்து கிளம்பி, காற்றிலும் தண்ணீரிலும் மிதந்து எங்கெங்கோ வந்து சேரும். ஆழ்கடல் பக்கம் போகப் போக, பக்கத்து மரங்களின் மகரந்தம் குறைந்து, இந்தத் தூரத்துப் பயணியின் பங்கு பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் காவிரிக் கரையில் பைன் காடு என்று எழுதினால் எழுதினவர் பெயர்தான் கெடும். ஒவ்வொரு மகரந்தத்தையும் பார்த்து 'நீ யார்' என்று கேட்பதோடு நிறுத்தாதே. 'உன்னைக் கொண்டுவந்தது யார்' என்றும் கேள்.

7. நெல்லிடம் அடக்கத்தைக் கற்றுக்கொள். மார்கழியில் சம்பா கதிர் விட்டு நிற்கிறபோது, காலை ஒன்பது, பத்து மணிக்கு வரப்பில் குனிந்து பார். உமி மெல்லத் திறந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்கிற பயிர். வெளியே விடுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் கடலுக்குப் போய்ச் சேர்ந்து உன் சிலைடுக்கு வந்தால், உருண்டையாக, ஒற்றைத் துளையோடு, துளையைச் சுற்றி ஒரு தடித்த வளையத்தோடு கிடக்கும். எல்லாப் புல்லும் அப்படித்தான் கிடக்கும். காட்டுப் புல்லா நெல்லா என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஊரே நெல்லாக இருக்கிற டெல்டாவின் சேறு 'இங்கே புல் இருந்தது' என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். சோழர் காலத்து நெல் விளைச்சலை மகரந்தத்தில் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், எப்படிப் பார்த்தார்கள் என்று மரியாதையாகக் கேள். நெல் உமியிலும் இலையிலும் உருவாகிற சிலிக்காத் துணுக்குகள் நெல்லைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மகரந்தத்துக்காக நீ ஊற்றுகிற அதே ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் அந்தத் துணுக்குகளைக் கரைத்துவிடும். ஒன்றைத் துலக்குகிற கை இன்னொன்றை அழிக்கிறது. அதனால் ஆசிட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு பங்கை எடுத்துத் தனியாக வை.

8. நமக்கு இரண்டு மழை என்பதை மறக்காதே. வெளியூர் ஆய்வாளர்கள் 'பருவமழை' என்று ஒருமையில் எழுதிவிட்டுப் போவார்கள். நம்மால் முடியாது. ஆடியில் காவிரியில் வருகிற வெள்ளம் குடகில் பெய்த தென்மேற்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் தலையில் கொட்டுவது வடகிழக்கு மழை. கடலடிச் சேற்றில் இரண்டும் கலந்துதான் கிடக்கும்: மேற்கு மலைக் காட்டின் மகரந்தம் ஆற்று வெள்ளத்தோடு வந்தது, தாழை, உமரி, கோரை, சம்புவின் மகரந்தம் பக்கத்திலிருந்தே வந்தது. மலைக்காட்டு மகரந்தம் குறைந்தால், குடகில் மழை குறைந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறு. ஆறு என்ன செய்தது என்று பார். இன்றைக்குக் காவிரியின் பெருவெள்ளம் போவது கொள்ளிடத்தில். பூம்புகாரில் கடலைத் தொடுகிற காவிரியைப் பார்த்திருக்கிறாய். அந்தப் பெரிய பெயருக்கு இவ்வளவு சின்ன முகமா என்று சின்ன வயசில் நீயே கேட்டாய். பூம்புகாருக்கு எதிரே எடுத்த கோரில் மலைக்காடு குறைந்தால், மழை அப்படியே இருந்து தண்ணீர் மட்டும் வடக்கே திரும்பியிருக்கலாம். 1934-க்குப் பிறகு படிந்த சேற்றில் மேட்டூர் அணையும் ஒரு பங்காளி, வண்டலைத் தேக்கிவைத்துக்கொள்கிறது. வானத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஆற்றை விசாரி, அப்புறம் மனுஷனை விசாரி.

9. எண்ணும்போது நேர்மையாக எண்ணு. ஒரு மாதிரிக்கு முந்நூறு மகரந்தமாவது எண்ண வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இருநூறு தாண்டும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும், படமும் நீ நினைத்த வடிவத்துக்கு வந்திருக்கும். நினைத்தது வந்துவிட்டதே என்று அங்கே நிறுத்தத்தான் தோன்றும். நிறுத்தாதே. பிடிபடாத மகரந்தம் வந்தால் பக்கத்தில் இருக்கிற குடும்பத்தில் தள்ளிவிடாதே. 'தெரியாதது' என்று ஒரு பத்தி போட்டு, அதைப் படமும் வரைந்து வை. கேமரா இருக்கட்டும், கையால் வரைந்தால்தான் துளை எத்தனை, மேல்தோல் எப்படி என்று கண் நின்று பார்க்கும்.

சதவீதம் ஒரு மாயக்காரன். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் ஒரு பஸ் ஆட்கள் வந்து இறங்கினால், பெண் வீட்டார் சதவீதத்தில் குறைவார்கள். பெண் வீட்டிலிருந்து ஒருவர்கூட எழுந்து போயிருக்கமாட்டார். சுரபுன்னை கூடினால் மற்றதெல்லாம் குறைந்ததாகத் தெரிவதும் அப்படித்தான். எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் வித்து மாத்திரையை ஆரம்பத்திலேயே சேற்றோடு சேர்த்துவிட்டால், ஒரு கிராம் சேற்றில் உண்மையில் எத்தனை மகரந்தம் என்று கணக்குப் போடலாம். சதவீதத்தையும் அந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு வாயைத் திற.

10. வயசைக் கேட்டு வாங்கு. சொன்னதை அப்படியே நம்பாதே. கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும், அந்தக் கணக்கில்தான் நம் காலமெல்லாம் நிற்கிறது. ஆனால் கடல்நீரில் இருக்கிற கரிமம் ஏற்கெனவே சில நூறு ஆண்டு பழசு. அதில் வளர்ந்த சிப்பி பிறக்கும்போதே கிழம். ஆறு கொண்டுவருகிற மரத்துண்டு மேட்டில் எத்தனை காலம் கிடந்து வந்ததோ. மேல் அடுக்குகளுக்கு நம் ஊர்ச் சாட்சிகள் இருக்கிறார்கள். சவுக்கு நம் கரையில் தோப்பு தோப்பாக வந்தது 19-ஆம் நூற்றாண்டில். சீமைக்கருவேலமும் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதே நூற்றாண்டின் பிற்பாதியில். ஆயிரம் வருஷம் என்று கூடம் சொல்லி அனுப்பிய அடுக்கில் சவுக்கு மகரந்தம் கிடைத்தால், ஒன்று நண்டு வளை தோண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் யாரோ கத்தியைத் துடைக்கவில்லை.

11. அடுத்தவர் விடையோடு பொருந்த வேண்டும் என்று உன் கோட்டை வளைக்காதே. 1986-இல் எலிஸ் வான் காம்போ தென்மேற்கு இந்தியாவுக்கு எதிரே எடுத்த கோர்களைப் படித்து, ஏறக்குறைய 11,000 ஆண்டுக்கு முன் அலையாத்திக் காடு பெருகியதையும், அதற்கு முந்தைய பனியுகத்தில் மழை மெலிந்து கிடந்ததையும் காட்டினார். 1994-இல் கராத்தினி குழு கார்வாருக்கு எதிரே எடுத்த சேற்றை வைத்து, சுமார் 3,500 ஆண்டாக ஈரம் குறைந்துவிட்டது என்றது. 2006-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் கிருஷ்ணா-கோதாவரிக்கு எதிரே துளைத்து எடுத்த கோரில், இலைகளின் மெழுகை வைத்துப் பார்த்தவர்கள், வறட்சி 4,000 ஆண்டுக்கு முன் ஒரு படி, 1,700 ஆண்டுக்கு முன் இன்னொரு படி என்றார்கள். 1993-இல் சுகுமார் குழு நீலகிரியின் கரிச்சதுப்பில் புல் வகை மாறியதை வைத்து ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்த கதையைச் சொன்னது. இவர்கள் எல்லோரும் ஒரே ஆண்டைச் சொல்லவில்லையே என்று கலங்காதே. மலை வேறு, ஆறு வேறு, பெய்கிற மழை வேறு, சாட்சியும் வேறு. உன் காவிரிச் சேறு இவர்களில் ஒருவரோடும் ஒத்துப்போகாமல் இருந்தால், கணக்கைச் சரிபார். சரியாக இருந்தால் அப்படியே எழுது. கூட்டத்தோடு கோவிந்தா போட உன்னை யாரும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவில்லை.

12. முன்னால் போனவர்களைத் தெரிந்துகொள். 1916-இல் ஸ்வீடனைச் சேர்ந்த வான் போஸ்ட் ஓஸ்லோவில் பேசிய பேச்சிலிருந்துதான் மகரந்தச் சதவீதப் படம் என்பதே உலகத்துக்கு வந்தது. லக்னோவில் பீர்பல் சாஹ்னி தன் தொல்தாவர ஆய்வு நிறுவனத்தின் அடிக்கல்லில் தொல்லுயிர்ப் படிவங்களையே பதித்து வைத்தார். 1949 ஏப்ரல் 3-இல் நேரு அதை நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹ்னி போய்விட்டார். அந்த வீட்டை இடிந்துபோகாமல் தாங்கிப் பிடித்தவர் அவர் மனைவி சாவித்திரி.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் தணிகைமணிதான். சென்னையில் பிறந்த மனிதர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தக் கூடத்தில் வேலை பார்த்தார். உலகத்தில் எந்தப் பூச்செடியின் மகரந்தத்தைப் பற்றி யார் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று 1972-இலிருந்து தொகுதி தொகுதியாக அட்டவணை போட்டார். தன் பெயர் முன்னால் நிற்கிற கண்டுபிடிப்பைத் தேடாமல், அடுத்தவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் கண்டடைவதற்காக உட்கார்ந்து எழுதுவது எப்படிப்பட்ட குணம் என்று யோசித்துப் பார். கணினி இல்லாத காலம். எல்லாம் அட்டையும் கையெழுத்தும். 1986 செப்டம்பர் 5-இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் இருந்தார், திரும்பவில்லை. அலையாத்தி மகரந்தங்களைப் பற்றிய அவர் புத்தகம் அடுத்த ஆண்டு வெளியானது. அலையாத்தி மகரந்தம் பார்க்கிற நீ அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. புரட்டும்போது அந்த மனிதரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

13. உன் சிலைடை யார் ஆசைக்கும் வாடகைக்கு விடாதே. ஊருக்கு வந்தால் மாமாக்கள், "இந்த வருஷம் மழை வருமா?" என்று கேட்பார்கள். அது உன் வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. கஷ்டம் அடுத்த கேள்வியில் வரும். பூம்புகாருக்கு எதிரே கடலுக்கடியில் எத்தனையோ ஆயிரம் வருஷத்து நகரம் இருப்பதாகச் சொல்கிறவர்கள் உன்னிடம் வருவார்கள். 20,000 ஆண்டுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது உண்மை. இன்று மீன்பிடிக்கிற இடத்தின் பெரும் பகுதி அன்று தரை. அந்தத் தரையில் என்ன செடி நின்றது என்று நீ சொல்லலாம். அங்கே தெரு இருந்ததா, கோபுரம் இருந்ததா என்பதை மகரந்தத்திடம் கேட்டு வாங்க முடியாது. ஊர்ப் பெருமை எனக்கும் உண்டு, உனக்கும் உண்டு. அது சிலைடில் ஏறாமல் பார்த்துக்கொள். மறுபக்கமும் இருக்கிறார்கள், "இது எல்லாக் காலத்திலும் மாறிக்கொண்டுதானே இருந்தது, இப்போது மட்டும் என்ன?" என்று உன் படத்தைக் காட்டி இன்றைய வெப்பத்தைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். அன்றைய மாற்றங்களுக்குப் பல நூறு, பல ஆயிரம் ஆண்டு பிடித்தது, இதை ஒரு வாழ்நாளுக்குள் பார்க்கிறோம் என்று பொறுமையாகச் சொல். கோபப்படாதே, கோபப்பட்டால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

14. பாதிச் சேற்றைத் தொடாதே. சேற்றுத்தூணை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வேலைக்கு எடு. மற்றப் பாதியை அப்படியே சுற்றிக் குளிர் அறையில் வை. கராத்தினி காலத்தில் இலை மெழுகைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. இன்றைக்குச் சேற்றிலிருந்து டி.என்.ஏ.வையே எடுக்கிறார்கள். நீ ரிட்டயர்டு ஆகிற வயசில் ஒரு சின்னப் பெண் புதுக் கருவியோடு வந்து, "அந்தக் காவிரிக் கோர் மிச்சம் இருக்கா?" என்று கேட்பாள். குளிர் அறைக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, கோடை லீவுக்கு முன்னால் அதில் டீசல் இருக்கிறதா என்று நீயே போய்ப் பார். செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு வந்துவிடாதே. லேபிளைப் பென்சிலால் எழுது. பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். உள்ளே ஒரு லேபிள், வெளியே ஒரு லேபிள்.